மாரடைப்போடு சொன்ன ‘வாங்க’

எனக்கு மாரடைப்பு வந்த நேரத்தில் நான் பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராக ‘வாங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவேற்பதைத்தான் எங்கள் ஊரில் ‘கேட்பது’ என்போம். தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தைக்காரி வாசலில் நிற்காமல் வேறு யார் நிற்பது? எங்கள் பக்கத்தில் பந்தியில் பாயசம் கிடைக்காவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். வாசலில் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். “அவ எங்களைப் பார்த்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா” என்று அடுத்த கல்யாணம் வரைக்கும் அதே பேச்சாக இருக்கும்.

காலையிலிருந்தே இடது பக்கத் தாடை இழுத்தது. சொத்தைப் பல் என்று நினைத்தேன். அப்புறம் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. குமட்டல். கழுத்தெல்லாம் வேர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று நான் நினைத்திருந்தேன். பெண்களுக்கு அது தாடையிலும் முதுகிலும் வயிற்றிலும் வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பது அப்போது தெரியாது. இதைப் படிக்கிற பெண்கள் தயவு செய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியம்மா கையைப் பிடித்து, “ஏன் சாந்தா, மூஞ்சி வாடிக் கெடக்குது?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க. நீங்க மொதல்ல போயிச் சாப்புடுங்க.”

சோடா குடித்தேன். யாரோ கொடுத்த பெருங்காய மோரையும் குடித்தேன். மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றேன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் பிரியாதான் என் ஜாக்கெட் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த பெண் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் ஓடினாள். என் வீட்டுக்காரரும் ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸ் கோயம்புத்தூருக்குப் பறந்தது. நான் அதற்குள் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் மாமா வந்தபோது உள்ளே இருந்துவிட்டோமே, யாராவது அவரை வாங்க என்று கேட்டிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன்.

என் பெயர் சாந்தாமணி. பெயரில் இருக்கிற சாந்தம் ஆளிடம் கிடையாது. பல்லடத்துக்குப் பக்கத்தில் தறிக்குடோன் வைத்திருக்கிறோம். விசைத்தறிகள் ஓடுகிற கொட்டகையை எங்கள் ஊரில் குடோன் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் பொன்னுசாமி நூல் வாங்குவதையும் துணி அனுப்புவதையும் பார்ப்பார். குடோனுக்குள் நடப்பதெல்லாம் என் பொறுப்பு. அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும் “எனக்கென்ன” என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்களில் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் செலுத்தி, சாயம் விட்டு, அடைப்பு எங்கே என்று படத்தில் பார்க்கிறார்கள். அது ஆஞ்சியோகிராம். பிறகு அதே வழியில் ஒரு சின்ன பலூனை அனுப்பி விரித்து, அடைப்பை ஒதுக்கி, அந்த இடத்தில் பொடிக் கம்பிவலை ஒன்றை வைத்துவிட்டு வருகிறார்கள். அந்த வலைதான் ஸ்டென்ட். எனக்கு ஒன்று வைத்தார்கள். இன்னொரு குழாயிலும் பெரிய அடைப்பு இருந்தது. உடம்பு தேறிய பிறகு அதைச் செய்யலாம் என்று டாக்டர் கார்த்திகேயன் சொன்னார். என் தம்பியைவிடச் சின்ன வயது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர்.

வலிக்கிறதா என்று தினமும் கேட்பார். பரவாயில்லை என்று தினமும் சொல்வேன்.

வார்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து குவிந்தார்கள். யார் வந்தாலும் நான் எழுந்து உட்கார்ந்து வாங்க என்பேன். டிரிப்ஸ் குழாய் இழுபட்டு ரத்தம் மேலே ஏறும். நர்ஸ் வந்து திட்டுவாள். “ஏனுங்க அம்மா, இது ஆஸ்பத்திரியா, உங்க கல்யாண மண்டபமா?” பில் எவ்வளவு என்று மட்டும் எனக்குக் கடைசி வரை தெரியவிடவில்லை. காப்பீட்டுக்காரர்களோடு பிரியாதான் போனில் மல்லுக்கட்டினாள்.

அங்கே எனக்குத் தூக்கம் வரவில்லை. வலியால் இல்லை, அமைதியால். வீட்டுச் சுவரை ஒட்டித்தான் குடோன். தறிச் சத்தம் இல்லாமல் நான் தூங்கிப் பழகவில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. மறுநாள் ஊருக்குப் போய்விட்டு வந்தவர், செல்போனை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். தறிகள் ஓடும் சத்தம். குடோனுக்கு நடுவில் நின்று பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறார். நர்ஸ் ஓடி வந்து, “இங்க என்ன மில்லு ஓடுது?” என்று கேட்டாள். அவர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அவர் என்மேல் வைத்திருக்கிற பிரியத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான நோய் தொடங்கியது.

தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு காது உண்டு. அத்தனை தறிகளின் இரைச்சலுக்கு நடுவில் ஒன்று நின்றால் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். நான் அந்தக் காதை நெஞ்சுக்குள் திருப்பி வைத்துவிட்டேன். துடிப்பு ஒன்று விட்டதா, வேகமாகிறதா, இப்போது நின்றுவிடுமா என்று நாள் முழுக்க அதே கவனம். கேட்கக் கேட்க நெஞ்சு படபடக்கும். கை மரத்துப் போகும். மூச்சு பாதியில் நிற்கும். “ஏனுங்க, காரை எடுங்க” என்பேன். அவசரப் பிரிவுக்கு ஓடுவோம். ஈ.சி.ஜி. எடுப்பார்கள். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். இதயத் தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற பொருள் அது. ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். உடம்பு ஆபத்து ஆபத்து என்று கத்துகிறது, ஆனால் ஆபத்து எதுவும் இல்லை. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்; நூல் அறாமலே அது நின்றுபோவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் அது வருகிற நேரத்தில் எந்த விளக்கமும் கை கொடுக்காது. சாவு வந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

இரண்டாவது ஸ்டென்டுக்கு நாள் குறித்தார்கள். மேஜைமேல் படுக்க வைத்துப் பச்சைத் துணியால் போர்த்தினார்கள். தலைக்கு மேல் அந்தப் பெரிய எந்திரம் திரும்பியதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்திலும் மரியாதையை விடவில்லை பாருங்கள். “தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர். இன்னொரு நாளைக்கு வாரனுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். விருந்தை மறுத்துவிட்டுக் கிளம்புகிறவள் மாதிரி.

டாக்டர் கோபப்படவில்லை. ரத்த அழுத்தம் எகிறியிருந்ததால் அவரே அன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாராம். அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

“என்னை முழுசாத் தூங்க வச்சுப்போட்டுச் செய்யுங்களேன்” என்றேன்.

“லேசா மருந்து குடுப்பமுங்க அம்மா. முழுசாத் தூங்க வைக்கறதில்லை. உள்ள பலூன் விரிக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுதுன்னு நீங்க சொல்லோணும். வலின்னா வலின்னு சொல்லோணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்ககிட்ட எனக்கு அதுதான் பயமே. நானும் நம்மூருக்காரந்தான். எங்கப்பாவும் இப்படித்தான். எது கேட்டாலும் பரவால்லம்பாரு. அந்தப் பரவால்லையை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க வைத்தியம் பாக்கறது?”

ஆறு வாரம் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் தாங்காது என்றார். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் இந்த முறை மாதிரி தப்பிக்க முடியாமல் போகலாம். அதற்குள் நான் அந்த மேஜைமேல் அசையாமல் படுக்கவும், உள்ளதை உள்ளபடி சொல்லவும் பழக வேண்டும். துடியலூரில் ஒரு குழு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. முழுக்கவனம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு வந்ததே கோபம். “எனக்கென்ன பைத்தியமா? நாலு பேரு கூட உக்காந்து கண்ணை மூடிக்கிட்டா அடைப்பு போயிருமா?” என்று வழியெல்லாம் கத்தினேன். அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்காரர் காரைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி அறை. வட்டமாக நாற்காலிகள். ஊதுபத்தி வாசனையும் புல்லாங்குழலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இரண்டு மின்விசிறியும் ஒரு தண்ணீர்க் குடமும்தான் இருந்தன. நடத்துகிறவர் ஸ்டெல்லா, மனநல ஆலோசகர், ஐம்பதை ஒட்டிய வயது, குரலில் அவசரமே கிடையாது. அவர் உள்ளே கூப்பிட்டும் என் வீட்டுக்காரர் வரவில்லை. “எனக்கென்னங்க” என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மாற்றி. ஒருவர் விஜயகுமார். பம்ப்செட்டுக்கு வார்ப்படம் செய்கிற பவுண்டரி நடத்தியவர், பைபாஸ் செய்துகொண்டவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். இன்னொருவர் ரோசி டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை. மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பியவர். வகுப்பில் திடீரென்று மூச்சு முட்டுகிறது என்று வந்திருந்தார்.

ஸ்டெல்லா முதலில் எல்லாரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வட்டம் முழுக்க ஒரே பதில். நல்லா இருக்கறனுங்க. எனக்கென்னங்க, பரவால்லீங்க. பாதிப் பேருக்கு நெஞ்சில் தையல், மீதிப் பேருக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. ஒருத்தர் விடாமல் நன்றாக இருந்தோம்.

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். “சரிங்க. இந்த ரூமுக்குள்ள மட்டும் ஒரு ஏற்பாடு வச்சுக்கலாம். நல்லா இருக்கறேன், பரவால்லை, ஒண்ணுமில்லை, இந்த மூணும் இங்க வேண்டாம். அதுக்குப் பதிலா, இப்ப இந்த நிமிஷம் உடம்புல என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. தோள் இறுக்கமா இருக்கா, சொல்லுங்க. எரிச்சலா இருக்கா, என்மேலயே எரிச்சலா இருந்தாலும் சொல்லுங்க.”

“அப்ப எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே” என்றார் விஜயகுமார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது உண்மை. அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு வார்த்தையே மிஞ்சவில்லை.

வந்தவர்களை வரவேற்பதும் நம் கஷ்டத்தை அவர்கள்மேல் இறக்காமல் இருப்பதும் எங்களூர் மரியாதை, அதை எப்படி விடுவது என்று நான் கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். ரோசி டீச்சர் மெதுவாகச் சொன்னார். “உங்களுக்கு அது மரியாதைங்க. எங்கம்மா தோட்டத்து வேலைக்குப் போன காலத்துல பரவால்லீங்கன்னு மட்டுந்தான் சொல்ல முடியும். வேற ஒண்ணு சொன்னா மறுநாள் வேலை இருக்காது. எனக்கு அது அப்படியே வந்துபோட்டுது. டாக்டர் கட்டியான்னு கேட்டப்பக்கூட, சின்னதுதானுங்க, பரவால்லீங்கன்னுதான் சொன்னேன்.” அந்தத் தோட்டம் எங்களைப் போன்றவர்களின் தோட்டமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு ஸ்டெல்லா எங்களைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நான் மூச்சைத் தேடிப் போனேன், நெஞ்சு கிடைத்தது. படபடப்பு ஏறியது. எழுந்து வெளியே ஓடினேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்தார். ஸ்டெல்லா பின்னாலேயே வந்துவிட்டார்.

“செருப்பைக் கழட்டுங்க அம்மா. தரை எப்படி இருக்குது?”

“சில்லுன்னு இருக்குதுங்க.”

“என்ன சத்தமெல்லாம் கேக்குது?”

“பஸ்ஸுங்க. எங்கியோ கம்பி அறுக்கறாங்க. கீழ பாத்திரம் கழுவற சத்தம்.” சொல்லச் சொல்ல மூச்சு இறங்கியது. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். அத்தனை தறி ஓடும்போது ஒன்று நின்றால் எப்படித் தெரியும் என்று கேட்டார். “சத்தத்துல ஓட்டை உழுந்தாப்பல இருக்குமுங்க” என்றேன்.

“அப்ப தப்பு என்மேலதானுங்க. நெஞ்சுல அடிபட்டவங்க சில பேருக்கு மூச்சைக் கவனிச்சா பயம் கூடத்தான் செய்யும். உங்களுக்கு மூச்சு வேண்டாம். உங்க காதை வெளிய வைங்க. சத்தம் வருது, போகுது, அது போதும். மனசு நெஞ்சுக்கு ஓடுனா, ஓடிருச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, மறுபடி சத்தத்துக்குக் கூட்டிட்டு வாங்க. திட்டாதீங்க.”

முழுக்கவனம் என்பது இவ்வளவுதான். நான் ஆறு வாரம் செய்ததெல்லாம் இதன் கிளைகள்தான். ஒரு வாரம் ஆளுக்கொரு துண்டு கடலை மிட்டாயைக் கொடுத்து, முதல்முறை சாப்பிடுவது மாதிரி மென்று பார்க்கச் சொன்னார். விஜயகுமார் ஒரே கடியில் முடித்துவிட்டு, “அடுத்தது எப்பங்க?” என்றார். இன்னொரு வாரம் படுத்துக்கொண்டு கால்விரலிலிருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாகக் கவனிக்கிற பயிற்சி. முழங்காலைத் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன். என் குறட்டையைத்தான் அன்றைக்கு எல்லாரும் கவனித்ததாகச் சொன்னார்கள்.

வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருந்தார். முதல் நாள் கண்ணை மூடி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு அமைதி வேண்டுமென்று குடோனில் மெயினையே அணைத்துவிட்டார். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. பல வருஷமாகக் கேட்காத அமைதி அது. உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தால், அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் பெருமையாக நிற்கிறார்.

“போடுங்க சாமி, மொதல்ல அதைப் போடுங்க” என்றேன்.

மறுநாளிலிருந்து குடோன் மூலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தறிகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். நெஞ்சுக்கு ஓடும் மனதைத் திரும்பக் கூட்டி வருவேன். முதலில் நூறு தடவை ஓடியது. போகப் போகக் குறைந்தது. படபடப்பு வரும்போது, ‘படபடப்பு வந்திருக்கிறது’ என்று தெரிந்தது. முன்பெல்லாம் ‘செத்துக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் கிடைத்தது. அவசரப் பிரிவுக்கு ஓடுவது நின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் அடைப்பு கரையும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்டெல்லாவே முதல் நாள் சொன்னார். வலி வந்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தும் குறையாவிட்டால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கவனிப்பது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. நான் பிறந்ததிலிருந்து பொறுத்துக்கொண்டிருந்தேன், கவனித்ததே இல்லை. மண்டப வாசலில் தாடை இழுத்தபோது கொஞ்சம் கவனித்திருந்தால் சோடா குடித்திருக்க மாட்டேன்.

நான்காவது வாரம் விஜயகுமார் வழக்கமான கிண்டல் இல்லாமல் வந்தார். அவர் முறை வந்ததும் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தொண்டை அடைக்குதுங்க. ஒரு விஷயம் சொல்றேன். நான் நடத்துன பவுண்டரி மூடி எட்டு மாசம் ஆச்சு. ஊட்ல தெரியாது. தினமும் காலைல டிபன் கேரியரை வாங்கிட்டுப் போறேன். பூட்டைத் தொறந்து உள்ள உக்காந்திருக்கறேன். சாயங்காலம் வாரேன். பிஸினஸ் எப்படின்னு அவ கேப்பா. நல்லாப் போகுதும்பேன்.”

யாரும் அறிவுரை சொல்லவில்லை. குழுவில் அதுவும் ஒரு ஏற்பாடு. கேட்பது மட்டும்தான். எங்கள் ஊரில் நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் கஷ்டத்தைச் சொல்லி, யாருமே யோசனை சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். ரோசி டீச்சர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் விஜயகுமார் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா உட்கார்ந்ததும், “இவருக்கு டிபன் கட்டறது மிச்சமாச்சுங்க” என்றார். விஜயகுமார்தான் முதலில் சிரித்தார். இப்போது தெரிந்தவர் ஒருவரின் தொழிற்சாலையில் யோசனை சொல்கிற வேலைக்குப் போகிறார். இழந்தது திரும்பி வரவில்லை. ஆனால் பூட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை ஒழிந்தது.

தனியாக வீட்டிலிருந்தே இதைப் பழகியிருக்க முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். என்னால் முடிந்திருக்காது. எனக்குள் இருப்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்த வரைக்கும் அது பெரிய வெட்கமாக இருந்தது. ஒரு முதலாளியும் ஒரு டீச்சரும் அதையே வாய்விட்டுச் சொன்னபோது வெட்கம் பாதியாகக் குறைந்தது.

ஆறாவது வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே மேஜை, அதே பச்சைத் துணி. எந்திரம் திரும்பியது. நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ‘வந்துவிட்டாயா’ என்று நினைத்துக்கொண்டேன். காதை வெளியே வைத்தேன். ஏ.சி.யின் இரைச்சல். தட்டில் ஏதோ உலோகம் வைக்கிற சத்தம். மானிட்டரின் கிணுகிணுப்பு. ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று.

டாக்டர் முகமூடியோடு குனிந்தார். “எப்படி இருக்கறீங்க அம்மா?”

நல்லா இருக்கறனுங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“பயமா இருக்குதுங்க டாக்டர். முதுகு குளுருது. கால் நடுங்குது.”

அவர் கண்கள் சிரித்தன. “இதைத்தானுங்க இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். நர்ஸ் இன்னொரு கனமான போர்வையைக் கொண்டு வந்து காலுக்குப் போர்த்தினாள். உள்ளதைச் சொன்னால் போர்வை கிடைக்கும் என்பதை ஐம்பத்தோரு வயதில் தெரிந்துகொண்டேன்.

பலூனை விரித்தபோது நெஞ்சு அழுந்தியது. சொன்னேன். இது தெரிந்ததுதான், கொஞ்ச நேரத்தில் போகும் என்றார். போனது. அதையும் சொன்னேன். ஸ்டென்ட் வைத்து முடித்து எல்லாரும் இலகுவான நேரத்தில், இடது தாடை மெல்ல இழுத்தது. லேசாகத்தான். பழைய சாந்தாமணி என்றால், வேலை முடிந்து கையைக் கழுவப் போகிற மனிதரைத் தொந்தரவு செய்வானேன் என்று இருந்திருப்பாள்.

“டாக்டர், தாடை இழுக்குதுங்க. கல்யாணத்தன்னைக்கு இழுத்தாப்பலயே இழுக்குது.”

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி சாயம் விடச் சொன்னார். பெரிய குழாயிலிருந்து பிரிகிற சின்னக் கிளை ஒன்றில் ரத்தம் தடைபட ஆரம்பித்திருந்தது. அதையும் திறந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். “மெஷினும் சித்த நேரத்துல காட்டியிருக்குமுங்க. ஆனா நீங்க முந்திக்கிட்டீங்க” என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே இதுதான் பெரியது.

வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் வழக்கம் போல ஒன்றும் தெரியவில்லை. வந்துபோனவர்களுக்கெல்லாம் அவரே காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எல்லாரும் போன பிறகு நான்தான் கேட்டேன்.

“ஏனுங்க, நீங்க எப்படி இருக்கறீங்க?”

“எனக்கென்ன” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். ஆறு சனிக்கிழமையும் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தானே. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

“கால் நிக்க மாட்டீங்குது அம்மணி” என்றார். “அன்னைக்கு ஆம்புலன்சுல நீ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தியல்ல, அப்ப இருந்தே நிக்க மாட்டீங்குது. நீ போயிப்போட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துக்கிட்டே நடந்துக்கிட்டிருக்கறேன்.”

நான் கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்தேன். “வாங்க” என்றேன். அவர் வந்து உட்கார்ந்தார்.